திங்கட்கிழமை மட்டும் கிளம்பாத கார்

செவ்வாய் முதல் வெள்ளி வரை ஒழுங்காகக் கிளம்பும். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குச் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம்; டேஷ்போர்டு விளக்குகள் மங்கி அணையும். செல்ஃப் எடுக்காது. முதல் வாரம் பக்கத்து வீட்டுக்காரரும் பால்காரரும் சேர்ந்து தள்ளினார்கள். இரண்டாவது வாரம் பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் தள்ளினார். மூன்றாவது வாரம் என் தலையைக் கண்டதும் அவர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார் என்றே எனக்குப் பட்டது.

வண்டி 2014-இல் வாங்கிய சிறிய பெட்ரோல் கார். கரூரில் வெங்கமேட்டிலிருந்து அலுவலகத்துக்கு ஒன்பது கிலோமீட்டர். போக இருபது நிமிடம், வர இருபத்தைந்து நிமிடம். சனி, ஞாயிறு விடுமுறை. நான் பாலிடெக்னிக்கில் மின்னியல் படித்துவிட்டு, இருபது வருடமாக ஒரு ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வாங்கிய டிப்ளமோவுக்கு இந்தக் கார் கொடுத்த வேலைதான் முதல் வேலை.

ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் வண்டிக்கு ஒரு தொடுதிரை ஸ்டீரியோவும், முன் சீட்டுக்கு அடியில் ஒரு வூஃபரும் பொருத்தியிருந்தோம். ஆனால் பேட்டரி இறங்க ஆரம்பித்தது தீபாவளிக்குப் பிறகு. அதனால் இரண்டையும் நான் முடிச்சுப் போடவில்லை. தீபாவளி வரை வார இறுதிகளில் கொடுமுடி, பழனி என்று எங்காவது போய்வந்துகொண்டிருந்தோம். பிறகு மழை பிடித்துக்கொண்டது, வண்டி வெள்ளி மாலையிலிருந்து திங்கள் காலை வரை போர்ட்டிகோவிலேயே நின்றது. இந்த இடைவெளியைத்தான் நான் முதலிலேயே கவனித்திருக்க வேண்டும். மாறாக, மழைக்காலத்தில் பேட்டரி மந்தமாகும் என்று யாரோ சொன்னதை நம்பினேன்.

பேட்டரிக் கடையில் சோதனைக் கருவியை மாட்டிப் பார்த்தார்கள். ‘வீக்’ என்றார்கள். மூன்று வருடப் பேட்டரி, ராத்திரியெல்லாம் இறங்கிக் கிடந்த பேட்டரி, எப்படி வலுவாக இருக்கும்? கேள்வி அப்போது தோன்றவில்லை. பழையதை 700 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டு, 35 ஆம்பியர்-மணி (ஒரு ஆம்பியர் வீதம் 35 மணி நேரம் தரும் கொள்ளளவு) புதுப் பேட்டரியை 4,200 ரூபாய்க்கு மாட்டிவிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை, மறுபடியும் ‘டக்’.

அன்று மாலைதான் அலமாரியின் மேல்தட்டிலிருந்து மல்டிமீட்டரை இறக்கினேன்.

கார் பேட்டரியின் நிலையைத் தெரிந்துகொள்ள வோல்ட் அளவே ஓரளவு போதும். சில மணி நேரம் ஓய்வாக இருந்த பேட்டரி 12.6 அல்லது 12.7 காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போய்விட்டால் கிட்டத்தட்ட காலி. இன்ஜின் ஓடும்போது அதே முனைகளில் 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும். என் வண்டியில் 14.2 வந்தது. ஆல்டர்னேட்டர், அதாவது இங்கே எல்லாரும் டைனமோ என்று சொல்வது, தன் வேலையைச் செய்கிறது.

அடுத்த வார இறுதியில் பானெட்டை மட்டும் திறந்து (கதவைத் திறந்தால் உள்விளக்கு எரிந்து கணக்கைக் கெடுக்கும்) ஒரு தாளில் குறித்து வந்தேன். வெள்ளி இரவு ஏழு மணிக்கு 12.58. சனி காலை 12.45. ஞாயிறு காலை 12.18. திங்கள் காலை 11.7. விடாமல் இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. அதற்கு அடுத்த வார இறுதியில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி வைத்துவிட்டேன். திங்கள் காலை மாட்டினேன். முதல் திருப்பிலேயே கிளம்பியது. பேட்டரி தானாக இறங்கவில்லை, வண்டி இறக்குகிறது என்பது அதோடு உறுதியானது. இதற்கு மீட்டர்கூட வேண்டாம், 10-ஆம் எண் ஸ்பேனர் ஒன்று போதும். 4,200 ரூபாய் கொடுப்பதற்கு முன் செய்திருக்க வேண்டிய சோதனை.

எவ்வளவு மின்னோட்டம் கசிகிறது என்று பார்க்க மீட்டரை வயருக்கு இடையில், தொடராக மாட்ட வேண்டும். நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றி, மீட்டரின் ஒரு முனையைக் கிளாம்பிலும் மறு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் தலையிலும் பிடிக்க வேண்டும். அப்போது வண்டி எடுக்கும் மின்சாரம் முழுவதும் மீட்டர் வழியாகத்தான் போயாக வேண்டும். சாவி போட்டுச் செல்ஃப் அடிக்கவே கூடாது. செல்ஃப் மோட்டார் இழுப்பது நூறு ஆம்பியருக்கும் மேல், மீட்டர் தாங்குவது பத்து.

இதெல்லாம் தெரிந்தும் முதல் முயற்சியில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். கசிவு சின்னதாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு கட்டி, மீட்டரின் சிவப்பு முனையை மில்லிஆம்பியர் துளையில் செருகினேன். திரையில் ஏதோ ஓர் எண் கண்சிமிட்டிவிட்டு 0.00 என்று நின்றது. கசிவே இல்லை! எனக்கு ஒரே மகிழ்ச்சி. பேட்டரிக் கடைக்காரரிடம் போய் என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்று மனதுக்குள் வாக்கியம் கோக்கவும் ஆரம்பித்துவிட்டேன்.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் பின் சீட்டிலிருந்த குடையை எடுக்கக் கதவைத் திறந்தாள்.

“அம்மா, உள்ளே லைட் எரியவில்லையே.”

எரியாதுதான். அந்தத் துளைக்குள் இருக்கும் ஃபியூஸ் 200 மில்லிஆம்பியருக்கு மேல் தாங்காது; மாட்டிய கணத்திலேயே அது போய்விட்டது. ஃபியூஸ் போன மீட்டர் வழியாக வண்டிக்கு மின்சாரமே போகவில்லை. வண்டி முழுவதும் செத்துக்கிடந்ததால்தான் கசிவு பூஜ்யம். கதவைத் திறந்து உள்விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதை அதன் பிறகு வழக்கமாக்கிக்கொண்டேன். மீட்டர் காட்டும் பூஜ்யம் உண்மையா பொய்யா என்பது அந்த விளக்கில் தெரிந்துவிடும்.

முனையை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி மறுபடி மாட்டினேன். 1.31 என்று காட்டியது. அப்போதுதான் மகள் கண்ணாடிக்கு உள்ளே கையைக் காட்டினாள். ஸ்டீரியோவின் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. கம்பெனிச் சின்னம் வந்து, மணி காட்டி, ஒலிக்கும் நிலைக்கு வந்து நின்றது. வண்டிச் சாவி சமையலறை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

பொருத்திய அன்று கடைப் பையன் சொன்னது நினைவுக்கு வந்தது. “மேடம், இறங்கும்போது இந்தப் பொத்தானை அழுத்தி அணைத்துவிடுங்கள். இந்த மாடல் அப்படித்தான்.” நானும் அதை இயக்கும் முறை என்றே எடுத்துக்கொண்டு, இரண்டு மாதமாக விடாமல் அழுத்தியிருக்கிறேன். வீட்டில் யாராவது அழுத்த மறந்தால் திட்டியுமிருக்கிறேன். சாவியை எடுத்தால் ஸ்டீரியோ தானாக அணைய வேண்டும். அணையவில்லை என்றால் வயரிங் தவறு. பையன் முதல் நாளே கோளாறைச் சொல்லிவிட்டான். அதை ஒரு வசதி மாதிரி சொன்னதால் என் காதில் ஏறவில்லை.

பொத்தானை அழுத்தினோம். திரை இருண்டது. பத்து நிமிடம் காத்திருந்தேன். மீட்டர் 0.47-இல் நின்றது.

இப்போது கணக்குப் போடலாம். இந்த மாதிரிச் சிறிய வண்டி தூங்கும்போது கடிகாரம், இன்ஜின் கட்டுப்பாட்டுப் பெட்டியின் நினைவு இவற்றுக்கெல்லாம் சேர்த்து 20, 30 மில்லிஆம்பியர் எடுக்கும். 50 வரை பொறுத்துக்கொள்ளலாம். இங்கே 470. வார நாளில் மாலை ஏழிலிருந்து காலை எட்டு வரை பதின்மூன்று மணி நேரம் வைத்தால் சுமார் 6 ஆம்பியர்-மணி போகும். போகவும் வரவும் ஓட்டுவதில் அதில் பெரும்பகுதி திரும்ப ஏறிவிடும். வெள்ளி மாலை ஏழு மணியிலிருந்து திங்கள் காலை ஏழு மணி வரை அறுபது மணி நேரம். 28 ஆம்பியர்-மணிக்கு மேல். பேட்டரியில் மொத்தமே 35. திங்கட்கிழமை ரகசியம் இவ்வளவுதான்.

அடுத்த கேள்வி, இந்த 0.47 எந்த வழியாகப் போகிறது என்பது. வழக்கமாக ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே மீட்டரைப் பார்ப்பார்கள். நான் வேறு முறையைக் கையாண்டேன். பேட்டரியைப் பழையபடி மாட்டிவிட்டு, மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, ஒவ்வொரு ஃபியூஸின் தலையிலும் தெரியும் இரண்டு சிறிய உலோகப் புள்ளிகளில் முனைகளை வைத்துப் பார்ப்பது. ஃபியூஸும் ஒரு கம்பிதான். அதற்கும் மிகச் சிறிய மின்தடை உண்டு. மின்னோட்டம் போனால் அதன் இரு முனைக்கும் இடையில் துளி வோல்ட் தெரியும். போகவில்லை என்றால் பூஜ்யம். 15 ஆம்பியர் ஃபியூஸுக்குச் சுமார் 5 மில்லிஓம், 10 ஆம்பியருக்கு ஏழரை. எதையும் பிடுங்காததால் தூங்கும் எந்தக் கருவியும் விழிக்காது.

ஃபியூஸ் பெட்டி ஸ்டீயரிங்குக்குக் கீழே இருப்பதால் ஓட்டுநர் கதவு திறந்திருக்க வேண்டும். கதவுச் சட்டத்தில் இருக்கும் ரப்பர் பொத்தானை டேப் ஒட்டி அழுத்தி வைத்தேன், உள்விளக்கு அணைந்தது. பிறகு தலைகீழாகப் படுத்துக்கொண்டு, வாயில் டார்ச்சைக் கவ்வி, முப்பதுக்கு மேற்பட்ட ஃபியூஸ்கள். ஒன்றே ஒன்றில் மட்டும் 0.9 மில்லிவோல்ட்: ஸ்டீரியோவுக்குப் போகும் 15 ஆம்பியர் ஃபியூஸ். 0.9-ஐ 5-ஆல் வகுத்தால் 0.18 ஆம்பியர். மற்றவை எல்லாம் 0.0, எஞ்சிய சில மில்லிஆம்பியரைப் பார்க்கும் கூர்மை என் மீட்டருக்கு இல்லை. பானெட்டுக்கு அடியில் இருக்கும் பெட்டியையும் பார்த்தேன். அங்கேயும் ஒன்றுமில்லை.

மொத்தச் செலவு 0.47. ரசீது கிடைத்தது 0.18-க்கு. ஏறக்குறைய 0.29-க்குக் கணக்கு இல்லை. அலுவலகத்தில் இப்படி ஒரு தொகை நின்றால் வீட்டுக்குப் போக விடமாட்டார்கள்.

இந்த இடத்தில் எங்கள் தெரு முனையில் இருக்கும் ஆட்டோ எலக்ட்ரீசியன் அண்ணாவைக் கூப்பிட்டேன். அறுபது வயதுக்காரர். கரூரில் பஸ்ஸுக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளில் முப்பது வருடம் வயரிங் பார்த்தவர். என் தாளை வாங்கிப் பார்த்தார்.

“ஃபியூஸ் பெட்டிக்குள் வராதது என்றால் டைனமோ டயோடாக இருக்கும், அம்மிணி. டயோடு லீக் ஆனால் பேட்டரி ராத்திரியில் பின்பக்கமாக இறங்கும்.”

நியாயமான சந்தேகம். ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடுகள்தான் மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக மாற்றுகின்றன. வண்டி நின்ற பிறகு பேட்டரியின் மின்சாரம் அதற்குள் திரும்பிப் போகாமல் தடுப்பதும் அவைதான். அந்தத் தடித்த வயர் சாதாரண ஃபியூஸ்கள் வழியாகப் போவதில்லை. நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ஆல்டர்னேட்டரின் பின்னால் இருக்கும் பெரிய நட்டைக் கழற்றி, வயரைத் துணியில் சுற்றி ஒதுக்கி வைத்தார். மீட்டரை மாட்டினோம். ஸ்டீரியோ தன் சின்னத்தைக் காட்டி எழுந்தது. அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். 0.47. இம்மி அசையவில்லை. டைனமோ நிரபராதி.

அண்ணா கொஞ்ச நேரம் பேட்டரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: “பாசிட்டிவ் தலையில் எத்தனை வயர் என்று எண்ணினீர்களா?”

எண்ணவில்லை. ஒன்று செல்ஃபுக்கு, ஒன்று ஃபியூஸ் பெட்டிக்கு. மூன்றாவதாக, கிளாம்பின் போல்ட்டில் ஒரு வளைய முனை. அதிலிருந்து கறுப்பு வரிக்குழாய்க்குள் ஒரு சிவப்பு வயர், வண்டியின் மூல வயர்களோடு சேர்த்து நன்றாகவே கட்டப்பட்டிருந்தது. கம்பெனியிலிருந்து வந்தது மாதிரியே தெரியும். அதைக் கழற்றியதும் மீட்டர் 0.18-க்கு விழுந்தது.

விரலால் வயரைத் தொட்டுக்கொண்டே போனேன். கிளட்ச் கேபிள் உள்ளே போகும் துளை வழியாக நுழைந்து, தரை விரிப்புக்கு அடியில் ஓடி, முன் சீட்டுக்கு அடியில் முடிந்தது. வூஃபர். மறுபடி வயரை மாட்டிவிட்டு, மறுநாள் காலை ஆறரை மணிக்குப் போய் அந்த அலுமினியப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தேன். வெளியே மழை பெய்து குளிர்ந்து கிடந்தது. பெட்டி வெதுவெதுப்பாக இருந்தது. சீட்டை முழுவதுமாகப் பின்னுக்குத் தள்ளி, கைப்பேசியை உள்ளே நீட்டிப் படம் எடுத்தேன். படத்தில் சீட் தண்டவாளத்தைப் பார்த்தபடி ஒரு சின்னப் பச்சை விளக்கு. இரண்டு மாதமாக இரவும் பகலும் எரிந்திருக்கிறது, பார்க்க ஆளில்லாமல்.

வூஃபருக்குள் பெருக்கி, அதாவது ஆம்ப்ளிஃபயர், இருக்கிறது. அதற்கு மூன்று வயர் முக்கியம்: பேட்டரியிலிருந்து நேரடி 12 வோல்ட், எர்த், பிறகு ரிமோட் என்ற மெல்லிய வயர். பெயரைப் பார்த்துக் கையில் பிடிக்கும் ரிமோட் என்று நினைக்க வேண்டாம். ஸ்டீரியோ ஓடும்போது அது இந்த வயரில் 12 வோல்ட்டை அனுப்பும், பெருக்கி விழிக்கும். ஸ்டீரியோ அணைந்தால் வோல்ட் நிற்கும், பெருக்கி தூங்கும். ஸ்டீரியோவின் பின்னால் வெள்ளைக் கோடு போட்ட நீல வயராக இது வரும். டேஷ்போர்டிலிருந்து சீட்டுக்கு அடிவரை அந்த ஒரு வயரைக் கொண்டுவர ஓரத்து பிளாஸ்டிக்கைக் கழற்ற வேண்டும். கழற்றவில்லை. பெருக்கியின் கனெக்டரிலேயே, 12 வோல்ட் முனைக்கும் ரிமோட் முனைக்கும் இடையில் விரல் நீளத்துக்கு ஒரு நீலத் துண்டு வயரை வளைத்துச் செருகிவிட்டிருந்தார்கள். ‘ஸ்டீரியோ ஓடுகிறது, ஓடுகிறது’ என்று அந்தத் துண்டு பெருக்கியிடம் இடைவிடாமல் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

கணக்கில் வராத 0.29 அதுதான்.

அண்ணா பஸ் ஆள் என்பதால் அவருக்குத் தோன்றிய தீர்வும் பஸ் தீர்வு. “பேட்டரிக்கு ஒரு கட்-ஆஃப் சாவி போட்டுத் தருகிறேன். நாங்கள் கூண்டு கட்டுகிற வண்டியில் எல்லாம் அப்படித்தான். ராத்திரி நிறுத்தும்போது திருப்பிவிட்டால் 24 வோல்ட்டும் கட்.” அரை மணி நேர வேலை, வேலை செய்யவும் செய்யும். ஆனால் தினமும் ஒரு பொத்தானை அழுத்து என்று சொன்ன பையனுக்கும், தினமும் ஒரு சாவியைத் திருப்பு என்று சொல்லும் அண்ணாவுக்கும் என்ன வித்தியாசம்? அவரிடம் அப்படிச் சொல்லவில்லை. “இல்லை அண்ணா, வயரையே சரிசெய்துவிடலாம்” என்றேன்.

அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அந்தச் சிவப்பு வயருக்கு ஃபியூஸ் இருந்தது, ஆனால் சீட்டுக்கு அடியில், பெருக்கியின் பக்கத்தில். ஃபியூஸ் பாதுகாப்பது தனக்குப் பிறகு வரும் வயரைத்தான். பேட்டரியிலிருந்து அந்த ஃபியூஸ் வரை மூன்று மீட்டர் வயர் எந்தக் காப்பும் இல்லாமல், தகரத்தில் போட்ட துளை வழியாக, ரப்பர் புஷ்கூட இல்லாமல் போகிறது. துளையின் விளிம்பு பட்ட இடத்தில் வயரின் உறையில் நகம் பதிந்தது போல ஒரு வெட்டு. உறை இன்னும் கொஞ்சம் அறுந்திருந்தால் பேட்டரியின் முழு மின்சாரமும் வண்டியின் உடம்பில் பாய்ந்திருக்கும், தடுக்க ஒன்றுமில்லை. பேட்டரி இறங்குவது எரிச்சல், இது தீ. அண்ணா அந்த வெட்டைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு கட்-ஆஃப் சாவியைப் பற்றிப் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டீரியோவைக் கழற்றினோம். நெகட்டிவை முதலில் கழற்றி வைத்தோம். சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் சட்டம் கிளிப்பில்தான் நிற்கிறது. ஸ்க்ரூடிரைவரின் நுனியில் துணி சுற்றி நெம்பினால் வரும். உள்ளே நான்கு திருகு. ஸ்டீரியோவை முன்னுக்கு இழுத்ததும் பின்னாலிருந்து ஒரு வயர்க் கொத்து. அதில் விரல் வைத்தால் ஒட்டியது. வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டுக்குள் சாதாரண இன்சுலேஷன் டேப் நாளடைவில் உருகிப் பிசினாகிவிடுகிறது. டேப்பை உரிக்கவே வேண்டியிருக்கவில்லை, பாதி தானாக நழுவியது. உள்ளே மஞ்சளும் சிவப்பும் ஒன்றாக முறுக்கப்பட்டு, வண்டியின் நிரந்தர 12 வோல்ட் வயரில் சேர்க்கப்பட்டிருந்தன.

இந்த இரண்டு நிறத்தையும் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. தனியாக வாங்கிப் பொருத்தும் ஸ்டீரியோக்களில் பொதுவாக மஞ்சள் நிரந்தர மின்சாரம். பிடித்த அலைவரிசை, நேரம் இவற்றை நினைவில் வைக்கவும், ஓடும்போது சக்தி தரவும். சிவப்பு சாவியின் கட்டளை. சாவி முதல் நிலைக்கு வந்தால் அதில் 12 வோல்ட் வர வேண்டும், எடுத்தால் போக வேண்டும். கறுப்பு எர்த். சிவப்பை மஞ்சளோடு சேர்த்துவிட்டால் சாவி எப்போதும் வண்டியிலேயே இருப்பதாக ஸ்டீரியோ எண்ணிக்கொள்ளும். பொத்தானை அழுத்தினால் திரை மட்டும் அணையும். உள்ளே புளூடூத்தும் மற்றதும் விழித்திருக்கும். அந்த அரைத் தூக்கத்தின் விலைதான் 0.18 ஆம்பியர். இரண்டும் இடம் மாறிப்போனால் குணம் வேறு: பேட்டரி இறங்காது, ஆனால் ஒவ்வொரு முறை சாவியை எடுக்கும்போதும் நேரமும் அலைவரிசைகளும் மறந்துபோகும். ஃபோக்ஸ்வாகன் குழும வண்டிகள் பலவற்றில் கனெக்டரிலேயே இந்த இரண்டு முனையும் மற்றவற்றுக்கு எதிராக இருப்பதால், பல இணைப்பு வயர்களில் மஞ்சளையும் சிவப்பையும் மாற்றிச் செருகும்படி நடுவில் ஒரு கழற்றி மாட்டும் முனை வைத்திருப்பார்கள்.

சாவியின் வயர் வண்டியில் எங்கே? தேட வேண்டியிருக்கவில்லை. கொத்துக்குள்ளேயே நுனி வெட்டப்பட்டு, மடக்கி, டேப் சுற்றி ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. பேட்டரியைத் தற்காலிகமாக மாட்டி அளந்தேன். சாவி இல்லாமல் 0. முதல் நிலையில் 12.3. மகளைச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். அடிக்கும் அந்த நொடியில் மட்டும் பூஜ்யத்துக்கு விழுந்து, இன்ஜின் ஓடியதும் திரும்பி வந்தது. எங்கள் வண்டி மாதிரியான பலவற்றில் ஆக்சஸரி வயரின், அதாவது சாவியின் முதல் நிலையில் மின்சாரம் வரும் வயரின், அடையாளம் இது. செல்ஃப் எடுக்கும்போது பேட்டரியின் வலு முழுவதும் மோட்டாருக்கே போகட்டும் என்று மற்றவற்றைச் சாவி துண்டித்துவிடும்.

வயர் கையருகே இருக்க, ஏன் சேர்க்கவில்லை? அண்ணா கடைக்காரருக்காகக் கொஞ்சம் வாதாடினார். சாவி இல்லாமலே பாட்டு கேட்க வேண்டும் என்று வாடிக்கையாளர்களே கேட்பார்களாம். கேட்காதவர்களுக்கும் அப்படியே போட்டுவிடுவார்களாம். தினமும் நீண்ட தூரம் ஓடும் வண்டியில் இது வெளியே தெரியாது என்பதும் உண்மைதான்.

இணைப்பில் எங்களுக்குள் ஒரு சிறு சண்டை. நான் ஈயம் பற்றவைக்கலாம் என்றேன், பாலிடெக்னிக் பழக்கம். அண்ணா கேட்கவில்லை. ஈயம் ஊறிய வயர் விறைத்துவிடும், ஓடும் வண்டியின் அதிர்வில் ஈயம் முடிகிற இடத்தில் ஒடியும், பஸ்ஸில் எத்தனையோ பார்த்திருக்கிறேன் என்றார். அவர் சொன்னபடியே குழாய் முனை போட்டு இடுக்கியால் நசுக்கி, மேலே சூட்டில் சுருங்கும் உறை போட்டோம். ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தார், மாட்டை விலைபேசுகிறவர் மாதிரி.

பிறகு வூஃபர். நீலத் துண்டை எடுத்தோம். ஓரத்து பிளாஸ்டிக்கைக் கழற்றி, 0.75 சதுர மில்லிமீட்டர் வயர் ஒன்றை ஸ்டீரியோவின் நீல-வெள்ளை வயரிலிருந்து சீட்டு வரை இழுத்தோம். பிளாஸ்டிக்கைக் கழற்றி மாட்ட ஆனது பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கத்தான் அந்தத் துண்டு வயர். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் 15 ஆம்பியர் ஃபியூஸ் வைத்தோம், வெட்டுப்பட்ட வயரை மாற்றினோம், துளைக்கு ரப்பர் புஷ் போட்டோம்.

எல்லாம் மாட்டி, கதவுகளைப் பூட்டி, அரை மணி நேரம் காப்பி குடித்துவிட்டு வந்து அளந்தோம். பத்து ஆம்பியர் துளையில் 0.02. குறைவு என்று உறுதியான பிறகே, புது ஃபியூஸ் போட்ட மில்லிஆம்பியர் துளைக்கு மாற்றினேன். 18.4. கதவைத் திறந்து பார்த்தேன், உள்விளக்கு எரிந்தது. விளக்கின் சுமை ஏறியதும் 200 மில்லிஆம்பியர் ஃபியூஸ் இரண்டாவது முறையாகப் போனது. மகள் சிரித்தாள். அண்ணா சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டார்.

போனால் போகிறது. 18.4 மில்லிஆம்பியர் என்றால் பேட்டரி பாதியாக இறங்க ஏறக்குறைய நாற்பது நாள் ஆகும். வீட்டுச் சார்ஜரில் இரவு முழுவதும் ஏற்றிய பிறகு மறுநாள் 12.64 நின்றது, இரண்டு மூன்று முறை அடிவரை இறங்கியும் புதுப் பேட்டரி பெரிதாகக் கெடவில்லை. காலியான நிலையில் நாள்கணக்கில் கிடந்திருந்தால் தகடுகளில் சல்ஃபேட் இறுகி, ஏற்றினாலும் ஏறாமல் போயிருக்கும். 700 ரூபாய்க்குப் போன பழைய பேட்டரியும் ஓர் இரவு ஏற்றினால் பிழைத்திருக்குமோ என்பதை நான் நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன். வயர், முனைகள், ஃபியூஸ், புஷ் எல்லாம் சேர்த்து 240 ரூபாய். அண்ணா கூலி வாங்க மறுத்தார். அவர் கடைக்குப் போய் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.

ஸ்டீரியோ பொருத்திய கடைக்கும் போனேன். “எல்லோருக்கும் அப்படித்தான் போடுகிறோம் மேடம், இதுவரை யாரும் வந்து சொன்னதில்லை” என்றார்கள். நீலத் துண்டு வயரை மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். குப்பையில் போட்டிருப்பார்கள்.

வெள்ளி மாலை நிறுத்திய வண்டியைத் திங்கள் காலை அளந்தபோது 12.56. கிளம்பியது. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்திருந்தது, அவர் கையை ஆட்டினார்.

வீட்டில் எல்லோருக்கும் இது திருப்தி என்று சொல்ல முடியாது. நான் உழவர் சந்தைக்குள் காய் வாங்கப் போகும்போது மகள் வண்டியில் உட்கார்ந்து பாட்டு கேட்பாள். இப்போது சாவியை எடுத்ததும் பாட்டு நின்றுவிடுகிறது. முன்பு இருந்ததைக் கெடுத்துவிட்டீர்கள் என்கிறாள். சாவியை அவளிடமே கொடுத்து, முதல் நிலையோடு நிறுத்த வேண்டும், பதினைந்து நிமிடம்தான் என்று பேசி வைத்திருக்கிறோம். போன வாரம் முருங்கைக்காய் பேரம் பேசி நான் திரும்பி வர இருபத்தைந்து நிமிடம் ஆனது. பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது.